விஷ மண்ணை மூடி மனைக்கல் நடாதே!

(வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக்குக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி கொடுத்திருக்காங்க. எனக்கு முன்னால பேசினவங்க அதுல பாதியை எடுத்துக்கிட்டாங்க. அதனால மாலை, பொன்னாடை எல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டேன். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம ஊராட்சி எல்லைக்குள்ள, ஆத்துக்குப் போற வண்டிப்பாதைக்குத் தெற்கால, வருஷக்கணக்கா மூடிக் கிடக்கிற தோல் பதனிடும் தொழிற்சாலையை எல்லாருக்கும் தெரியும். பேரைச் சொல்லப் போறதில்லை. பேரைச் சொன்னா பேச்சு ஆள் மேல போயிடும். நம்ம பேச்சு நிலத்தைப் பத்தினது. அந்த இடம் கைமாறிடுச்சு. சுற்றுச்சுவரை இடிச்சாச்சு. ஜேசிபி வந்து மேடு பள்ளத்தை நிரவி, மேலே ஒரு முழம் நொரம்பு மண்ணைக் கொட்டி, பார்க்கிறதுக்குக் கோயில் திருவிழா மைதானம் மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க. இப்ப மனைப்பிரிவு அனுமதிக்கு மனு போயிருக்கு. அடுத்த கிராம சபையில ஊராட்சியோட தடையில்லாச் சான்றுக்குத் தீர்மானம் கொண்டுவரப் போறாங்க. நாம இன்னிக்கு இங்க கூடி நிக்கிறது அதுக்காகத்தான்.

"விவசாயிக்கு இதுல என்னய்யா வேலை? மூடின ஃபேக்டரியில வீடு வந்தா உனக்கென்ன?" என்று ஒரு புரோக்கர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லணும்.

அந்த நொரம்பு மண்ணுக்குக் கீழே என்ன இருக்கு? பச்சைத் தோல் கெடாம இருக்க உப்பு தடவி வரும். அதை முதல்ல ஊற வெச்சு உப்பை நீக்குவாங்க. அந்த உப்புத் தண்ணி எங்க போச்சு? அப்புறம் சுண்ணாம்புத் தொட்டி. முடி, கொழுப்பு, சவ்வு எல்லாம் அங்க கழியும். அப்புறம் குரோமியம் போட்டுப் பதனிடுறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணி, குரோம் பதனிடலில் 170 வகை ரசாயனம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எழுதி வெச்சிருக்கு. பொது சுத்திகரிப்பு நிலையம் வர்றதுக்கு முன்னால இத்தனையும் திறந்த குட்டையில நின்னுச்சு, ஓடையில ஓடுச்சு, பாலாற்று மணல்ல இறங்குச்சு. தண்ணி ஆவியாயிடும். உப்பும் குரோமியமும் ஆவியாகாது. அது குந்தின இடத்துலயே குந்திக்கிட்டு இருக்கும். கம்பெனி திவாலாகும், முதலாளி செத்துப் போவார், வாரிசுக்குள்ள பாகப்பிரிவினை நடக்கும். மண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

குரோமியத்துல ரெண்டு சாதி உண்டு. தோல் பதனிடப் போடுறது மூணாம் நிலை. அது ஓரளவுக்கு மண்ணைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும், சீக்கிரம் கரையாது. இன்னொன்னு ஆறாம் நிலை. அது மஞ்சளா இருக்கும், தண்ணியில கரைஞ்சு ஓடும், தூசியா மூச்சுல போனா நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். "எங்க மண்ணுல இருக்கிறது சாது வகைதான்"னு சமாதானம் சொல்றாங்க. சாதுதான், நான் மறுக்கலை. ஆனா சுண்ணாம்பு கலந்த அந்தச் சேற்றை நெருப்பு வெச்சுக் கொளுத்தினா சாது மிரண்டு ஆறாம் நிலையா மாறும். போன மாசம் அங்க குப்பையோட சேர்த்து எதைக் கொளுத்தினாங்கன்னு ராத்திரி காவலுக்கு இருந்தவங்களைத்தான் கேட்கணும்.

ஆறாம் நிலை எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா ராணிப்பேட்டை போய்ப் பாருங்க. அங்க தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை எழுபதுகளில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்பைத் தயாரிச்ச இடம். மூடும்போது கழிவை மலை மாதிரி அப்படியே விட்டுட்டுப் போனாங்க. முதல்ல ஒன்றரை லட்சம் டன் என்றார்கள். பின்னால கணக்கு ரெண்டு லட்சம் டன்னைத் தாண்டிச்சு. மழை பெய்ஞ்சா அந்த மேட்டுல இருந்து மஞ்சத் தண்ணி இறங்கும். நிபுணர்கள் வந்தாங்க, அறிக்கை எழுதினாங்க, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. ஆலையை மூடி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சும் அந்த மேடு அங்கேயேதான் கிடந்துச்சு. அரசாங்கத்துக்கே தெரிஞ்ச, பத்திரிகையில போட்டோ வந்த, ஊரறிஞ்ச மேட்டுக்கே இந்தக் கதின்னா, ஒரு முழம் நொரம்பு மண்ணு போட்டு மூடின நம்ம ஊரு குட்டையை யாரு தேடி வரப் போறாங்க?

இப்ப அந்த மனுவோட போன காகிதக் கட்டைப் பத்தி சொல்றேன். நம்ம சங்கத்து ஆளுங்க ரெண்டு பேர் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தோம். பத்திர நகல் இருக்கு. பட்டா, சிட்டா இருக்கு. நில அளவை வரைபடம் இருக்கு. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று இருக்கு. வில்லங்கச் சான்று சுத்தம், ஒரு அடமானம்கூட இல்லை. ஆனா மண்ணுக்குள்ள இருக்கிற வில்லங்கத்தைக் காட்டுறதுக்கு சார்பதிவாளர் ஆபீசுல நோட்டு கிடையாது. நீங்க சென்ட் கணக்குல காசு கொடுத்து வாங்குவீங்க. அதுல எத்தனை அடி ஆழத்துக்கு என்ன புதைஞ்சிருக்குன்னு ஒரு காகிதமும் சொல்லாது.

ஒன்னு மறந்துட்டேன். மண் பரிசோதனை அறிக்கைன்னு ஒன்னும் அந்தக் கட்டுல வெச்சிருக்காங்க. எடுத்துப் பார்த்தா, அது நம்ம வேளாண்மைத் துறை கொடுக்கிற மண்வள அட்டை! கார அமில நிலை, உப்பு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அங்ககக் கரிமம். மொத்தம் பன்னிரண்டு. மணிலா போடலாமா, எத்தனை மூட்டை உரம் வைக்கலாம்னு பார்க்கிறதுக்கு அது நல்ல அட்டை, நானும் வெச்சிருக்கேன். ஆனா அதுல குரோமியம்னு ஒரு கட்டமே இல்லை. ஈயம் இல்லை, பாதரசம் இல்லை. கண்ணு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வந்து எனக்கு இருதயம் நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு.

நாம ஒரு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேட்டோம். "அந்த இடத்துல மண்ணையும் நிலத்தடி நீரையும் கடைசியா எப்ப சோதிச்சீங்க?" பதில் வந்துச்சு: "மேற்படி ஆலை இயக்கத்தில் இல்லாததால் ஆய்வு மேற்கொள்ளத் தேவை எழவில்லை." ஆலை ஓடினா சோதிப்பாங்க. நின்னுட்டா சோதிக்க மாட்டாங்க. அப்ப விஷத்துக்கு ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க போல.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க, நாளைக்குக் கிராம சபையில உங்களை மடக்கும்போது உதவும்.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல 1996 ஆகஸ்டு 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, நம்ம மண்ணுல பொறந்த தீர்ப்பு. இன்னிக்கு இந்தியா பூரா சட்டக் கல்லூரியில பாடம் நடத்துறாங்க. தோல் தொழிற்சாலைப் பகுதியில ஏறக்குறைய 35,000 எக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போச்சு என்ற கணக்கு அந்தத் தீர்ப்புல இருக்கு. கெடுத்தவன்தான் கொடுக்கணும் என்ற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னு அங்கதான் சொன்னாங்க. கவனிங்க, அதுல ரெண்டு பங்கு இருக்கு. பாதிக்கப்பட்டவனுக்கு இழப்பீடு ஒரு பங்கு. கெட்டுப்போன இடத்தைப் பழையபடி சீர் செய்யற செலவு இன்னொரு பங்கு. நாம முப்பது வருஷமா முதல் பங்குக்கு மட்டும்தான் அலைஞ்சுக்கிட்டு இருக்கோம். ரெண்டாவது பங்கை யாரும் கேட்கவே இல்லை.

முதல் பங்குலயாவது என்ன கிடைச்சுது? அந்தத் தீர்ப்பால அமைஞ்ச ஆணையம் 2001-ல் பழைய வேலூர் மாவட்டத்துல பாதிக்கப்பட்டவங்கன்னு 29,193 பேரைக் கண்டுபிடிச்சது. நொய்யல் பக்கம் சாயத் தண்ணியால கெட்ட 68 கிராமத்துல 28,596 விவசாயிகளுக்கு 24 கோடியே 79 லட்சம் சொச்சம்னு நிர்ணயம் பண்ணினாங்க. வகுத்துப் பாருங்க, தலைக்கு ஒன்பதாயிரம்கூடத் தேறாது. ஒரு கறவை மாடு வாங்க முடியுமா? 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்று வழக்குல தீர்ப்புச் சொல்லி, விடுபட்டவங்களுக்கு அரசாங்கமே முதல்ல இழப்பீட்டைக் கொடுக்கணும், அப்புறம் அதைக் கெடுத்தவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில குழு போடணும்னும் சொல்லிச்சு. 1996-க்கும் 2025-க்கும் நடுவுல நம்ம ஊர்ல எத்தனை பேர் அந்தப் பணத்தைப் பார்க்காமலே சுடுகாட்டுக்குப் போயிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் பட்டியல் படிக்கலை.

அடுத்தது புது விதி. மத்திய அரசாங்கம் 2025 ஜூலையில மாசடைந்த இடங்களை நிர்வகிக்கிறதுக்குன்னே சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழே தனியா விதிகள் கொண்டுவந்திருக்கு. இதுக்கு முன்னால அப்படி ஒன்னு கிடையாது. புகைக்கு விதி இருந்துச்சு, கழிவுத் தண்ணிக்கு விதி இருந்துச்சு, செத்துப் போன மண்ணுக்கு இல்லை. இந்தப் புது விதிப்படி, சந்தேகத்துக்குரிய இடம்னு தெரிஞ்சா உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ அதைப் பட்டியல்ல சேர்த்து அனுப்பணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இந்தப் பட்டியல் போகணும். அது போய்ச் சேர்ந்து 90 நாளுக்குள்ள முதல் கட்ட ஆய்வு. அதுல தேறினா இன்னொரு மூணு மாசத்துல விரிவான ஆய்வு. அபாயகரமான ரசாயனங்கள்னு 189 இருக்கு, அதுல எது எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். அளவு மீறியிருந்தா இடத்தைப் பகிரங்கமா அறிவிச்சு, ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தணும். யார் கெடுத்ததுன்னு 90 நாளுக்குள்ள கண்டுபிடிச்சு, சுத்தம் பண்ற செலவை அவங்க தலையில கட்டணும். அவங்களால முடியலைன்னா மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு பண்ணணும்.

கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஓட்டையும் இருக்கு. சுத்தம் பண்ற வேலையை எத்தனை வருஷத்துல முடிக்கணும்னு கெடு இல்லை. நாட்டுல 103 இடம் மாசடைஞ்சதுன்னு கண்டுபிடிச்சு, அந்த விதி வந்தப்ப ஏழே ஏழு இடத்துலதான் வேலையே தொடங்கியிருந்துச்சு. இருந்தாலும் நமக்கு ஒரு பிடி கிடைச்சிருக்கு. முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியது டெல்லியும் இல்லை, சென்னையும் இல்லை. நம்ம ஊராட்சியும் கலெக்டர் ஆபீசும். "எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க"ன்னு இனிமே ஊராட்சி கையை விரிக்க முடியாது.

ஏன் இவ்வளவு அவசரம்னா, அந்த இடம் மனையா பிரிஞ்சுட்டா இந்த விதி நமக்கு உதவாம போயிடும். இப்ப அந்த இடம் ஒரே சர்வே நம்பர் கட்டுல, ஒரே கைக்குள்ள இருக்கு. சுத்தம் பண்ணுன்னு நோட்டீஸ் கொடுக்க ஒரு விலாசம் இருக்கு. நாளைக்கு இருநூறு மனையா பிரிச்சு இருநூறு பேருக்குக் கிரயம் பண்ணிட்டா, யார்கிட்ட போய் நிப்பீங்க? கல்யாணக் கடன், நகைக் கடன், குழுக் கடன் எல்லாம் போட்டு அஞ்சு சென்ட் வாங்கின கூலிக்காரன்கிட்டயா? தோலை வித்தவன், இடத்தை வித்தவன், மனையை வித்தவன் மூணு பேரும் போயிருப்பான். வீட்டைக் கட்டிக் குடிவந்தவன்தான் மாட்டுவான்.

இன்னொரு சங்கதி இருக்கு, இதை யாரும் யோசிக்கலை. பெரிய மனைப்பிரிவுன்னா ரோடும், பூங்காவுக்குன்னு பத்துல ஒரு பங்கு இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமா எழுதிக் கொடுக்கணும். அவங்க போட்டிருக்கிற வரைபடத்துல பூங்கா எங்க காட்டியிருக்காங்க தெரியுமா? பழைய கழிவுக் குட்டை இருந்த தென்மேற்கு மூலையில! வீடு கட்டினா அஸ்திவாரம் தோண்டணும், தோண்டினா நாறும். அதனால அந்த மூலையைப் பிள்ளைங்க விளையாடறதுக்குன்னு ஊராட்சிக்குத் தானம் பண்றாங்க. தானப் பத்திரத்துல கையெழுத்தாகிற நிமிஷம் அந்த விஷக் குட்டைக்குச் சொந்தக்காரன் நம்ம ஊராட்சி. நாளைக்குச் சுத்தம் பண்ணுன்னு உத்தரவு வந்தா நம்ம வீட்டு வரிப் பணத்துல பண்ணணும்.

இது நான் ஜோடிச்சுச் சொல்றது இல்லை, வெளிநாட்டுல நடந்திருக்கு. அமெரிக்காவுல நயாகரா அருவி இருக்கிற ஊர்ல, ஒரு பழைய கால்வாய்ப் பள்ளத்துல ரசாயனக் கம்பெனி இருபதாயிரம் டன் கழிவைப் புதைச்சு வெச்சிருந்துச்சு. 1953-ல் அந்த இடத்தை ஊர்ப் பள்ளிக்கூட வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துச்சு. உள்ளே ரசாயனம் இருக்கு, இனிமே என்ன ஆனாலும் நாங்க பொறுப்பில்லைன்னு பத்திரத்துலயே ஒரு வாசகம் சேர்த்துக்கிட்டாங்க. அங்க பள்ளிக்கூடம் கட்டினாங்க. சுத்தி வீடு வந்துச்சு. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வீட்டு அடித்தளத்துல ரசாயனம் கசிஞ்சு வந்து, 1978-ல் அவசர நிலை அறிவிச்சுக் குடும்பங்களைக் காலி பண்ணினாங்க. அந்த இடத்துக்குப் பேரு லவ் கேனல். பேரைப் பாருங்க, அன்புக் கால்வாய்!

இன்னொன்னு இங்கிலாந்துல. கார்பின்னு ஒரு இரும்பாலை ஊர். 1980-ல் ஆலை மூடினப்புறம், ஊர்க் கவுன்சிலே நிலத்தை எடுத்துச் சுத்தம் பண்ணி மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவர வேலையைத் தொடங்கிச்சு. நல்ல எண்ணம்தான். ஆனா எப்படிச் செஞ்சாங்க? விஷச் சேற்றைத் தோண்டி, மூடாத லாரியில ஊர் நடுவால கொண்டுபோனாங்க. ரோடெல்லாம் சேறு, காஞ்சா தூசி. 1980களின் நடுவுல இருந்து 1990களின் பின்பாதி வரைக்கும் இந்த வேலை நடந்துச்சு. அந்தச் சமயத்துல கர்ப்பமா இருந்த தாய்மாருக்குக் கை விரல், கால் விரல் குறையோட குழந்தை பொறந்துச்சு. பதினெட்டுப் பேர் வழக்குப் போட்டாங்க. 2009-ல் உயர் நீதிமன்றம் கவுன்சில் கவனக்குறைவா நடந்துக்கிச்சுன்னு தீர்ப்புச் சொல்லி, 2010-ல் இழப்பீட்டுக்கு உடன்பட்டாங்க. தாய்மார்களே, இதை எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு நம்ம போராட்டத்துக்குப் பயந்து, "சரி, அள்ளிடறோம்"னு சொல்லி ராத்திரியோட ராத்திரியா டிப்பர்ல அள்ளி ஏரிக்கரையில கொட்டினா அது ஜெயிச்சதாகாது. அள்ளறது எப்படி, ஈரமா அள்ளுறாங்களா, தார்ப்பாய் போட்டு மூடுறாங்களா, எங்க கொண்டுபோய்ப் போடுறாங்க, எல்லாத்தையும் நாம கேட்கணும்.

எவ்வளவு சுத்தம் போதும்னும் கேட்கணும். கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடினாங்க. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவை 2003-ல் கப்பலேத்தி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க, 290 டன். அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? மண்ணு இருக்கே. ஒரு கிலோ மண்ணுல 20 மில்லிகிராம் பாதரசம் வரைக்கும் இருக்கலாம்னு வாரியம் சொல்லிச்சு. ஒரு மில்லிகிராம்தான் இருக்கணும்னு அங்க போராடினவங்க கேட்டாங்க. பதினஞ்சு வருஷத்துக்கு மேல அந்த ஒரு எண்ணுக்காகச் சண்டை நடந்துச்சு. விவசாயத்துக்கு ஒரு அளவு, வீட்டுக்கு ஒரு அளவு, ஃபேக்டரிக்கு ஒரு அளவுன்னு பிரிச்சுத்தான் எண்ணு போடுவாங்க. அதனால நம்ம மனுவுல தெளிவா எழுதியிருக்கோம்: குழந்தை குடியிருக்கிற வீட்டுக்கும், சாப்பிடற பயிர் விளையற நிலத்துக்கும் உண்டான அளவு, அதுல எது குறைவோ அது.

இப்ப நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற பிரச்சினைக்கு வர்றேன். மேடையில இதைப் பேசாதீங்கன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. பேசித்தான் ஆகணும்.

அந்த இடத்தை ஒட்டி நம்ம சங்கத்துக்காரங்களோட கழனியே இருக்கு. கிணத்துல தண்ணி எடுத்து வாயில வெக்க முடியாது. நெல்லு போட்டா குருத்து கருகுது. தென்னை ஓலை நுனி மஞ்சளாகிக் குரும்பை கொட்டுது. 2021 நவம்பர்ல பாலாறு கரை புரண்டு வந்துச்சே, உப்பெல்லாம் கழுவிட்டுப் போயிடும்னு நினைச்சோம். ஒரு பட்டம் நல்லா விளைஞ்சுது. அடுத்த கோடையிலேயே மண்ணு மேல வெள்ளை பூத்துடுச்சு. இப்படி இருக்கிற நிலத்துக்கு ஒருத்தன் வந்து சென்ட்டுக்கு இவ்வளவு தர்றேன்னு சொன்னா, விக்காதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, பையன் பெங்களூருக்குப் போயிட்டான், நிலம் சோறு போடலை. அவங்களைத் துரோகின்னு பேசறவங்களை நான் ஒத்துக்கறதில்லை.

ஆனா ஒன்னு சொல்றேன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த ஃபேக்டரி இடம் சோதனை இல்லாம மனையாச்சுன்னா, அடுத்த வரிசையில உங்க கழனியை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான். கெட்ட நிலம்தானேன்னு சொல்லிக் குறைப்பான். வாங்கினவுடனே நல்ல நிலம்னு சொல்லி விப்பான். நடுவுல இருக்கிற காசு உங்க இழப்பீட்டுக் காசு. அதோட, முப்பது வருஷமா நாம "எங்க நிலம் கெட்டுப் போச்சு"ன்னு கோர்ட்டுல, கலெக்டர்கிட்ட எழுதிக் கொடுத்துக்கிட்டு இருக்கோம். அதே நிலத்தை ஒன்னும் சொல்லாம வீட்டு மனைக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இழப்பீட்டு வழக்குல எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்திரத்தைத்தான் நீதிபதி முன்னால நீட்டுவார். விக்கிறதுன்னா வில்லுங்க, அது உங்க நிலம். முதல்ல சோதனை நடக்கட்டும். அறிக்கை கையில வரட்டும். யாரால கெட்டதோ அவங்க கணக்குல அது ஏறட்டும். அதுவரைக்கும் எந்த அக்ரிமென்ட்டுலயும் அட்வான்ஸ் வாங்கிட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. யாருக்காவது உடனே பணமுடை இருந்தா சங்கத்துக்கு வாங்க. சங்கத்துல கோடி இல்லை, கூட்டுறவுக் கடனுக்கு எழுதித் தர்றதுக்கும் கூட வர்றதுக்கும் ஆள் இருக்கு.

நாம கேட்கிறது அதிகமில்லை. மனைப்பிரிவுக்குக் கடைசி ஒப்புதல் கையெழுத்து ஊராட்சியோடது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் அந்தக் கையெழுத்து சும்மா போகக் கூடாது. அந்த இடத்தைப் புது விதிப்படி சந்தேகத்துக்குரிய இடம்னு ஊராட்சி தீர்மானம் போட்டுக் கலெக்டருக்கு அனுப்பணும். மேல் மண்ணை மட்டும் சுரண்டி எடுக்காம, பழைய குட்டை, சுண்ணாம்புத் தொட்டி, உப்புக் கிடங்கு இருந்த இடங்கள்ல ஆழமா துளை போட்டு, நம்ம ஆளுங்க முன்னால மண் எடுக்கணும். குட்டை எங்க இருந்துச்சுன்னு காட்ட அங்க வேலை செஞ்ச பெரியவங்க இருக்காங்க, அவங்களைக் கேட்கணும். சுத்தி இருக்கிற கிணறு, போர் எல்லாத்துலயும் தண்ணி எடுக்கணும். குடிதண்ணியில குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது, அந்த எண்ணுல நாம நிக்கணும். அறிக்கை வர்ற வரைக்கும் ஒரு மனைக்கல் நடக் கூடாது, ஒரு லோடு மண்ணு வெளியே போகக் கூடாது. அந்தத் தென்மேற்கு மூலையை ஊராட்சி தானமா வாங்கக் கூடாது.

இங்கிலாந்துல 2000-லிருந்து ஒவ்வொரு ஊர்க் கவுன்சிலும் தன் எல்லையில கெட்ட நிலம் எங்க இருக்குன்னு தானே தேடிப் பார்க்கணும்னு சட்டமே இருக்கு. நம்ம ஊராட்சி தேட வேண்டாம், நாமே சர்வே நம்பரோட எழுதிக் கொடுத்திருக்கோம்.

கடைசியா வேலை. அக்டோபர் 2-ம் தேதி காலை பதினோரு மணிக்குக் கிராம சபை. நம்ம ஊராட்சி ஜனத்தொகை மூவாயிரத்துக்கு மேல, அதனால குறைஞ்சது 200 பேர் இருந்தாத்தான் சபை செல்லும். போன தடவை எத்தனை பேர் வந்தோம், நோட்டுல எத்தனை கையெழுத்து இருந்துச்சுன்னு நமக்குத் தெரியும். இந்தத் தடவை பத்து மணிக்கே வந்து உட்காரணும். மகளிர் குழுக்காரங்க முன் வரிசையில இருங்க. தீர்மானத்தை வாசிக்கும்போது "நிறைவேற்றப்பட்டது"ன்னு அவசரமா முடிச்சாங்கன்னா, நிறுத்தி, நம்ம தீர்மானத்தையும் எண்ணு போட்டுத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டினப்புறம்தான் கையெழுத்து. முதல்லயே வெத்துப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போண்டா சாப்பிடப் போகாதீங்க.

வரும்போது வீட்டுக்கு ஒரு பாட்டில், உங்க கிணத்துத் தண்ணியோ போர் தண்ணியோ கொண்டு வாங்க. மேலே சர்வே நம்பர், தேதி எழுதி ஒட்டுங்க. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப அது ஆகாது, அதுக்கு அவங்களே வந்து முறைப்படி எடுக்கணும். இது சபை மேஜையில வரிசையா வைக்கிறதுக்கு. யாராவது அதிகாரி தண்ணி நல்லா இருக்குன்னு சொன்னா, ஒரு டம்ளர் ஊத்திக் கொடுக்கலாம்.

மனு அந்த வேப்பமரத்தடி மேஜையில இருக்கு. வட்டாட்சியர் மூணு மணிக்கு வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார். எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு, ரோட்டை மறிக்காம வரிசையில வாங்க.